பழைய போனில் கஸ்டம் ரோம் ஏற்றும்முன்

கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்டால் போனைத் தூக்கிப்போட வேண்டாம், லீனியேஜ் ஓ.எஸ். என்ற கஸ்டம் ரோமை ஏற்றலாம்.

1. முதலில் பேக்கப் எடுங்கள். பூட்லோடரை அன்லாக் செய்தால் போட்டோ, காண்டாக்ட் எல்லாமே அழிந்துவிடும்.

2. மாடலின் கோட்நேமைப் பாருங்கள். ரெட்மி நோட் 7 ‘லாவெண்டர்’, நோட் 7 ப்ரோ ‘வயலெட்’. பார்க்க அண்ணன் தம்பிதான், சிப் வேறு. கெர்னலை மாற்றிப் போட்டால் போன் எழாது.

3. ஒரிஜினல் பூட் இமேஜைக் கம்ப்யூட்டரில் வையுங்கள். போன் லோகோவிலேயே நின்றால், ஃபாஸ்ட்பூட்டில் அதைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

4. லேப்டாப்பில் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

யுபிஐக்கு வேறு போன் வையுங்கள். சில வங்கி ஆப்கள் கஸ்டம் ரோமில் திறக்காது.