பிள்ளை கேட்டால் காது கொடுப்போம்



சாமி கும்பிடப் பிள்ளைகளுக்குப் பழக்குவது நாம்தான். விபூதி பூசுவதும், சிலுவை அடையாளம் போடுவதும், நோன்பு பிடிப்பதும் நம்மைப் பார்த்துத்தான் அவர்களுக்கு வருகிறது. ஆனால் சில நேரம் பிள்ளைகளிடமிருந்து நமக்கும் பாடம் வரும்.

எங்கள் லயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுவார். கடலை அவித்துப் படைத்து, எல்லாக் காம்பராவுக்கும் கொடுத்தனுப்புவார். பக்கத்துக் காம்பராவுக்கு மட்டும் போகாது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் வந்த சண்டை. இரண்டு வருசமாகப் பேச்சில்லை. ஒருநாள் தட்டைத் தூக்கிய என் ஏழு வயது மகள் கேட்டாள்: "அப்பாயி, அந்த வீட்டுக்காரங்களுக்கு சாமி இல்லையா?"

"பெரிய மனுசி மாதிரி பேசாத, போ!" என்று அம்மா அதட்டிவிட்டார்.

இப்படி அதட்டிய ஒரு தகப்பனைப் பற்றிக் கட உபநிடதம் சொல்கிறது. வாஜசிரவஸ் வேள்வி செய்து, தன்னிடம் உள்ளதையெல்லாம் தானம் கொடுத்தார். ஆனால் கொடுத்த பசுக்களோ பால் வற்றியவை, புல் தின்னக்கூட பலமில்லாதவை. மகன் நசிகேதன் சின்னப் பையன். அதைப் பார்த்து மனம் பொறுக்காமல், "அப்பா, என்னை யாருக்குக் கொடுப்பீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கோபத்தில் தகப்பன், "எமனுக்குக் கொடுத்தேன்" என்றார். எமனிடம் போன நசிகேதனுக்கு மூன்று வரம் கிடைத்தது. முதல் வரமாக அவன் கேட்டது என்ன தெரியுமா? அப்பாவின் கோபம் தணிந்து மனம் ஆறவேண்டும் என்பதுதான். பிள்ளை நம் குறையைச் சொல்வது நம்மை வெறுப்பதால் அல்ல.

பைபிளில் இன்னொரு பெரியவர் வருகிறார் (1 சாமுவேல், 3ஆம் அதிகாரம்). பார்வை மங்கிய குரு ஏலி. அவரிடம் வளர்ந்த சிறுவன் சாமுவேல் இரவில் ஒரு குரல் கேட்டு மூன்று முறை ஏலியிடம் ஓடினான். "நான் கூப்பிடல, போய்ப் படு" என்று சொன்ன ஏலி, மூன்றாம் முறைதான் அது கடவுளின் அழைப்பு என்று உணர்ந்தார். குரல் கேட்டது பிள்ளைக்கு. அது யாருடைய குரல் என்று விளங்கியது பெரியவருக்கு. இருவரும் வேண்டும்.

பிள்ளை கேட்ட செய்தியோ ஏலியின் குடும்பத்துக்கு எதிரானது. பிள்ளைகள் செய்த தவறை அவர் தடுக்கவில்லை என்பது அது. சாமுவேல் சொல்லப் பயந்தான். ஏலியோ எதையும் மறைக்காமல் சொல்லச் சொன்னார், கேட்டு ஏற்றுக்கொண்டார். அதனால் அவர் மதிப்பு குறையவில்லை.

பிள்ளைகள் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கும்பிடுகிற சாமிக்கும் நடக்கிற நடத்தைக்கும் இடையில் உள்ள இடைவெளி அவர்கள் கண்ணுக்குச் சட்டென்று படும். நமக்குப் பழகிப்போனதால் தெரிவதில்லை. ஆகவே, அடுத்த முறை பிள்ளை கேட்டால் உடனே அதட்ட வேண்டாம். ஒரு இரவு யோசித்துப் பாருங்கள்.

என் அம்மாவும் யோசித்திருக்க வேண்டும். அடுத்த வெள்ளி, ஒரு கிண்ணம் கூடுதலாக நிரப்பி, "இந்தா, அங்கயும் குடுத்துட்டு வா" என்றார். கிண்ணம் வெறுமனே திரும்பி வரவில்லை. கொஞ்சம் சீனி இருந்தது. பேச்சு வர இன்னும் ஒரு மாதம் ஆனது.

வீட்டில் பேசிப் பார்க்க:

1. உங்கள் பிள்ளை கேட்ட எந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாமல் அதட்டினீர்கள்?

2. உங்கள் தட்டு போகாத காம்பரா எது?