முந்திரி உலர்த்தும் மின்சார அடுப்பில் பிழைக்குறி தோன்றினால்

பண்ருட்டியிலிருந்து வடலூர் செல்லும் சாலையிலுள்ள காடாம்புலியூரிலும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும் முந்திரித் தோப்பும் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையும் அடுத்தடுத்தே காணப்படும். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் வீசிய தானே புயலில் கடலூர் மாவட்டத்து முந்திரி மரங்கள் பெருமளவில் வீழ்ந்தன. ஆயினும் உடைக்கும் தொழில் நின்றுவிடவில்லை. அத்தொழிலில் விறகுக்குப் பதிலாக மின்சாரத்தால் இயங்கும் உலர்த்தும் அடுப்புகளும் உபயோகத்திற்கு வந்துள்ளன. தொழிலாளர் இதனைப் போர்மா என்பர். இவ்வடுப்பின் முகப்பில் ஒரு நாள் திடீரென்று உஷ்ண எண்ணுக்குப் பதிலாகப் பொருள் விளங்காத எழுத்துக்கள் தோன்றினால் செய்ய வேண்டுவது யாது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

முதலில் அடுப்பின் வேலையைத் தெரிந்துகொள்வோம். ஓட்டிலிருந்து எடுத்த பருப்பில் சுமார் 6 சதவீதம் ஈரம் இருக்கும். இதனை 70 டிகிரி சென்டிகிரேடு அளவிலான சூடான காற்றில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வைத்து, ஈரத்தை 3 சதவீத அளவிற்குக் குறைக்கிறோம். அப்போதுதான் மேல்தோல் சுருங்கி, விரலால் உரிக்க இசையும். சூடு குறைந்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். கத்தியால் சுரண்டும்போது பருப்பு உடையும். சூடு மிகுந்தால் பருப்பு சிவந்து கருகிய தரத்திற்கு இறங்கிவிடும். முழு வெள்ளைப் பருப்பிற்கும் கருகிய பருப்பிற்கும் உள்ள விலை வித்தியாசத்தை வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உரித்த எடைக்கேற்பக் கூலி பெறும் பெண்களின் மறுநாள் வருமானமும் இவ்வடுப்பையே சார்ந்திருக்கிறது.

அடுப்பினுள் சூட்டை உணரும் உறுப்பு ஒன்று உண்டு. அது தரும் செய்தியைக் கண்ட்ரோலர் என்னும் கருவி படித்து, காண்டாக்டர் என்னும் மின்விசையை மூடித் திறக்கிறது. அவ்விசை மூடும்போது வெப்பச் சுருள்களுக்கு மின்சாரம் செல்கிறது. உணரும் உறுப்பின் கம்பி அறுந்தால் கண்ட்ரோலருக்குக் கண் தெரியாது. ஆகவே அது சுருளை நிறுத்திவிட்டுப் பிழைக்குறியைக் காட்டுகிறது. சில கருவிகளில் ‘ஓப்பன்’ என்ற சொல் வரும். சிலவற்றில் ‘ஈ’ அல்லது ‘எஃப்’ என்னும் ஆங்கில எழுத்தோடு ஓர் எண் வரும். ஒரு கம்பெனியின் கருவியில் கம்பி அறுந்ததைக் குறிக்கும் எண், மற்றொன்றில் வேறு பழுதைக் குறிக்கலாம். எனவே அடுப்புடன் வந்த கைப்புத்தகத்தைப் பழைய காகிதத்தோடு போட்டுவிடலாகாது. குறியானது எந்தப் பாதையில் கோளாறு என்பதைத்தான் கூறும். எந்தப் பொருள் கெட்டது என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

குறி தோன்றியவுடன் அணைத்து அணைத்துப் போடுவது பலருடைய வழக்கம். இதனால் குறி மறைந்து, தடயமும் மறையும். குறியையும், நேரத்தையும், விசிறி ஓடுகிறதா என்பதையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்க. பிறகு தட்டுகளை வெளியே எடுத்துப் பருப்பை மெல்லியதாகப் பரப்பி ஆறவிடுக; சூட்டோடு சாக்கில் கட்டினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். அதன் பின்னர் மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸைக் கழற்றித் தம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, மின்சாரம் இல்லை என்பதை மீட்டரால் சோதித்த பிறகே மூடியைத் திறத்தல் வேண்டும். இவ்வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருக்கே உரியது. உரிமையாளர் அருகிலிருந்து முறையைத் தெரிந்துகொண்டால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

உணரும் உறுப்பு இருவகைப்படும். இரு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்துச் செய்தது தெர்மோகப்பிள். அதில் ‘கே’ வகை, ஒரு டிகிரி வித்தியாசத்திற்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட் மின்னழுத்தம் தரும். மற்றொன்று பிளாட்டினக் கம்பியாலான பி.டி.100. இதன் மின்தடை 0 டிகிரியில் 100 ஓம். 30 டிகிரியில் ஏறக்குறைய 111.7 ஓம், 70 டிகிரியில் 127 ஓம். ஆகவே ஆறிய அடுப்பில் பி.டி.100-இன் கம்பிகளைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால், 110 ஓம் சுற்றளவில் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிடில் அறுந்துவிட்டது. தெர்மோகப்பிளாயின் சில ஓம்களே காட்டும்.

தெர்மோகப்பிளுக்கு இன்னொரு எளிய சோதனையும் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய நிலையில் அதன் இரு கம்பிகளையும் கண்ட்ரோலரிலிருந்து விடுவித்து, அவ்விரு முனைகளையும் சிறு கம்பித் துண்டால் இணைக்கவும். வெப்பச் சுருளுக்கான விசையைத் திறந்தே வைத்து, கண்ட்ரோலருக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கவும். அது அறையின் உஷ்ணத்தைக் காட்டுமாயின் கண்ட்ரோலர் நலமாக உள்ளது. பழுது உணரும் உறுப்பிலோ அதன் கம்பியிலோ இருக்கிறது. அப்போதும் பிழைக்குறியே நின்றால் கண்ட்ரோலர்தான் கெட்டது. இச்சோதனையைச் செய்யாமலே விலையுயர்ந்த கண்ட்ரோலரை மாற்றிவிட்டு, மறுபடியும் அதே குறியைக் கண்டு திகைப்பவர் உண்டு. சோதனை முடிந்ததும் கம்பித் துண்டை மறவாமல் எடுத்துவிட வேண்டும். அது அங்கேயே இருந்தால் அடுப்பு எப்போதும் 30 டிகிரியிலேயே இருப்பதாக எண்ணி, கண்ட்ரோலர் சுருளை எரியவிட்டுக்கொண்டே இருக்கும்.

இனி, பெரும்பாலோர் செய்யும் ஒரு பிழையைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். தெர்மோகப்பிளின் கம்பி பெரும்பாலும் அடுப்புச் சுவரில் கதவருகே உராய்ந்து அறுகிறது. அவ்விடத்தில் சாதாரணச் செப்புக் கம்பியை ஒட்டுப்போட்டால் குறி மறைந்துவிடும். அனைவரும் பழுது தீர்ந்தது என்று மகிழ்வர். ஆனால் தெர்மோகப்பிள் தன் நுனிக்கும் செப்பு தொடங்கும் இடத்திற்கும் உள்ள உஷ்ண வித்தியாசத்தை மட்டுமே அளக்கும். ஒட்டுப்போட்ட இடம் 50 டிகிரியும், கண்ட்ரோலர் இருக்குமிடம் 35 டிகிரியும் என்று கொள்வோம். எண் 15 டிகிரி குறைவாகக் காட்டும். முகப்பில் 70 என்று தெரியும்போது உள்ளே 85 இருக்கும். குறியோ கிடையாது, பருப்போ சிவந்துவிடும். பிழைக்குறி காட்டி நின்ற அடுப்பைவிட இவ்வடுப்பு கெடுதியானது. ஆதலால் அதே வகைக் கம்பியையே, வலம் இடம் மாறாமல் இணைக்க வேண்டும். மாறினால், சூடு ஏற ஏற எண் இறங்கும்.

குறி ‘சூடு ஏறவில்லை’ என்ற பொருளுடையதாயின் சுருள்களைப் பார்க்கவேண்டும். 230 வோல்ட்டில் 2 கிலோவாட் சுருளின் மின்தடை சுமார் 26 ஓம். மும்முனை இணைப்பிலுள்ள மூன்று சுருள்களில் ஒன்று அறுந்தாலோ, ஒரு முனை பியூஸ் போனாலோ, நியூட்ரல் சரியாக இருக்கும்வரை மூன்றில் இரு பங்கு சூடே கிடைக்கும். ‘சூடு மிகுந்தது’ என்றால் காண்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டனவா, விசிறி நின்றதா என்று பார்க்க.

மழைக்காலத்தில் பல வாரம் மூடிக் கிடந்த அடுப்பு, போட்டவுடன் கசிவுத் தடுப்பு விசையைத் தட்டிவிடுவதுண்டு. சுருளின் உள்ளே இருக்கும் மக்னீசியம் ஆக்ஸைடு தூள் ஈரத்தை இழுத்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகரால் சுருளுக்கும் உடலுக்கும் இடையே அளந்தால், ஒரு மெக்கோமுக்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் சுருளைக் கழற்றி உலர்த்திய பின் மீண்டும் அளக்க. தட்டுகிறதே என்று அவ்விசையையே விலக்கி நேரிணைப்புக் கொடுப்பவர், ஈரக் கையோடு தட்டெடுக்கும் பெண்ணின் உயிரைப் பணயம் வைக்கிறார். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தம் ஊர்க் கொட்டகைகளைப் பார்வையிட நேரும்போது, எர்த் கம்பி அடுப்பின் உடலோடு இறுகப் பொருந்தியுள்ளதா என்பதையாவது கேட்டறியலாம்.

பழுது தீர்ந்ததும் பருப்பை உடனே ஏற்றாமல், வெறும் அடுப்பை ஒரு மணி நேரம் 70 டிகிரியில் ஓட்டி, தனியான கண்ணாடி உஷ்ணமானியை மேல், நடு, கீழ்த் தட்டுகளில் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கவும். முகப்பின் எண்ணுக்கும் நடுத்தட்டின் எண்ணுக்கும் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உணரும் உறுப்பின் நுனி சுவரைத் தொடுகிறதா என்று நோக்குக. பின்னர் ஒரு தட்டுப் பருப்பை மட்டும் உலர்த்தி, தோல் எவ்வாறு உரிகிறது என்பதை உரிக்கும் பெண்களிடமே கேட்கவும். அவர்கள் விரல் எந்த மீட்டருக்கும் குறைந்ததன்று. தோன்றிய குறி, கண்ட பழுது, மாற்றிய பொருள், தேதி ஆகியவற்றை அடுப்பின் பக்கத்துச் சுவரில் தொங்கும் நோட்டில் எழுதி, அதன் அருகிலேயே அதே வகையான உணரும் உறுப்பு ஒன்றை வாங்கித் தயாராக மாட்டி வைக்கவும்.