தலைக்காயமும் தாடை மூட்டு வலியும்

உண்பதற்கும் உரையாடுவதற்கும் ஓயாமல் உழைக்கும் உறுப்பு தாடை. அது நன்றாக இருக்கும்வரை அதனை நாம் நினைப்பதேயில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற ஆண்டு ஒரு மாலை, நண்பர் ஓட்டிய வண்டியின் பின்னால் அமர்ந்து, செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தேன். மரத்திலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று திடீரெனக் குறுக்கே ஓடிற்று. வண்டி சாய்ந்தது, தலையும் முகவாயும் தரையில் மோதின. தலைக்கவசம் நண்பர் அணிந்திருந்தார், நான் அணியவில்லை.

தலையை ஸ்கேன் செய்து பார்த்து, மூளைக்கு ஊறு இல்லை என்றனர். “தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று” என்று வீட்டில் மகிழ்ந்தார்கள். ஆனால் பத்து நாள் கழித்துக் காதுக்குள் குத்துவதுபோல் ஒரு வலி தொடங்கிற்று. வாயைத் திறந்தால் ‘டக்’ என்ற ஒலி. இரண்டு விரல் அளவுக்குமேல் வாய் திறக்கவில்லை. தமிழ் மன்றப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்த எனக்கு, இனி மேடையே இல்லையோ என்ற அச்சம் உண்டாயிற்று. ஒருவர் காதுநோய் என்று சொட்டு மருந்து தந்தார். மற்றொருவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொன்னார். இறுதியில் ஒரு பல் மருத்துவரே இது தாடை மூட்டு வலி என்று கண்டறிந்தார். அவரிடம் கேட்டும், பின்னர் நூலகத்தில் படித்தும் அறிந்தவற்றை இங்குத் தருகிறேன்.

மூட்டின் அமைப்பு

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அங்கு அசைவதே தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் உருண்ட தலை, மண்டையோட்டின் பொட்டெலும்பிலுள்ள குழியில் பொருந்தியிருக்கிறது. இரண்டுக்கும் இடையே நார்த்தன்மையுள்ள மெல்லிய தட்டு ஒன்று மெத்தைபோல் அமைந்துள்ளது. வாயைத் திறக்கும்போது அத்தலை முதலில் பெரும்பாலும் கதவுக் கீல்போல் சுழல்கிறது. பிறகு தட்டுடன் சேர்ந்து முன்னோக்கி வழுக்கிச் செல்கிறது. வளர்ந்தவர்க்கு வாய் சாதாரணமாக 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறக்கும்; அஃதாவது, அவரவர் விரல்கள் மூன்று நுழையும் அளவு.

காயத்தால் நேர்வது என்ன?

முகவாயில் படும் அடி, எலும்பின் வழியே ஏறி இம்மூட்டைத் தாக்குகிறது. அதனால் எலும்பின் கழுத்து முறியலாம். தட்டு இடம் பெயரலாம். சுற்றியுள்ள தசைகள் இறுகலாம். தட்டு விலகி மீண்டும் இடத்தில் பொருந்தும்போது எழுவதே பெரும்பாலும் அந்த ‘டக்’ ஒலி. காதின் அண்மையும், அப்பகுதி நரம்புகளின் தொடர்பும் காரணமாக, மூட்டு வலி காது வலியாகத் தோன்றுகிறது. 1934ஆம் ஆண்டில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மருத்துவர் இத்தொடர்பை விளக்கி எழுதினார். அவர் கூறிய காரணம் பிற்காலத்தில் ஏற்கப்படவில்லையெனினும், மருத்துவர்களின் கவனம் இம்மூட்டின்பால் திரும்ப அவர் கட்டுரை உதவிற்று.

இன்னொன்றும் உண்டு. அடிபட்டவர்க்குத் தலைவலி, உறக்கக் குறைவு, மனக்கவலை ஆகியவை சேர்கின்றன. அவர் தம்மை அறியாமலே பற்களை இறுகக் கடிக்கிறார். அதனால் நெற்றிப்பொட்டுத் தசை நோகிறது; அந்த நோவைத் தலைக்காயத்தின் வலி என்றே எண்ணி மேலும் கவலைப்படுகிறார். கவலை கடிப்பை வளர்க்க, கடிப்பு வலியை வளர்க்கிறது.

சமாளிக்கும் வழிகள்

முதலாவது, மூட்டுக்கு ஓய்வு. சில வாரங்கள் இட்லி, குழைந்த பொங்கல், கேழ்வரகுக் கூழ், தயிர் சாதம் போன்றவற்றையே உண்டேன். முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, பாக்கு ஆகியவற்றை விலக்கினேன். கொட்டாவி வரும்போது முகவாயின்கீழ்க் கையை வைத்துத் தாங்க வேண்டும். கன்னத்தில் கை ஊன்றிப் படிப்பதும், குப்புறப் படுப்பதும் கூடா.

இரண்டாவது, ஒத்தடம். அடிபட்ட முதல் இரண்டொரு நாள் குளிர் ஒத்தடம். பிறகு, இறுகிய தசைக்கு வெந்நீரில் நனைத்த துணியால் நாளைக்கு இரண்டு மூன்று முறை, 15 நிமிட ஒத்தடம்.

மூன்றாவது, பற்களைப் பிரித்து வைத்தல். உதடுகள் மூடியிருக்க, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருப்பதே தாடையின் இயல்பான நிலை. இதனை மருத்துவர் கூறியபோது எனக்கு விளங்கவில்லை. ஒரு ஞாயிறன்று ஆசிரமத் தியான மண்டபத்தில் அமர்ந்திருந்தேன். மௌனத்தையே உபதேசமாகக் கொண்ட ரமண மகரிஷியின் இடம் அது. அந்த அமைதியில்தான், பேசாமல் இருக்கும்போதும் என் பற்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருப்பதை உணர்ந்தேன். வாய் மௌனமாயிருந்தும் தாடை ஓயவில்லை! அன்று முதல், மணி அடிக்கும் ஒவ்வொரு பாடவேளையிலும் தாடையைத் தளர்த்தப் பழகினேன்.

நான்காவது, மருத்துவர் கற்பிக்கும் மெல்லிய பயிற்சிகள். கண்ணாடி முன் நின்று, வலியின் எல்லைக்குள் நேராகத் திறந்து மூட வேண்டும். இரவில் பல் கடிப்பவர்க்கு அளவெடுத்துச் செய்த பல்லுறை தருவதுண்டு. பெரும்பாலோர்க்கு இத்தகைய எளிய முறைகளே போதும். அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படும். யாரிடமும் கொடுத்துத் தாடையை வலிந்து திருப்பச் செய்வது ஆபத்து.

உடனே மருத்துவமனை செல்லவேண்டிய நிலைகள்

பற்கள் முன்போல் பொருந்தாமை, வாய் கோணித் திறத்தல், உதடு மரத்தல், காதிலோ மூக்கிலோ நீரோ குருதியோ வடிதல், தொடர் வாந்தி, மயக்கம், கடுமையாகும் தலைவலி ஆகியவை தோன்றின் சிறிதும் தாமதித்தல் ஆகாது. தலையில் அடிபட்டபின் வலி மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்கவும் கூடாது. குழந்தைகள் முகவாய் அடிபட விழுந்தால் தனிக்கவனம் வேண்டும். கவனியாது விட்ட காயத்தால் மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டி வாய் திறவாமற் போவதும், தாடை வளர்ச்சி குன்றுவதும் உண்டு.

முடிவுரை

நான்கு மாதங்களில் எனக்கு மூன்று விரல் நுழையும் அளவு வாய் திறந்தது. ஒலி இன்னும் சில நாள் கேட்கிறது. வலி இல்லையெனில் ஒலியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என அறிந்துகொண்டேன். போட்டியில் என்னால் பேச இயலவில்லை. “பேச முடியாததை எழுது” என்றார் எங்கள் பேராசிரியர். அதன் விளைவே இக்கட்டுரை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுபவர்க்கு மட்டுமன்றிப் பின்னால் அமர்பவர்க்கும் தலைக்கவசத்தை விதிக்கிறது. முகவாயையும் மூடும் கவசமே தாடையைக் காக்கும். பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டம் நிறையும் நம் ஊர்ச் சாலைகளில் நாள்தோறும் கல்லூரிக்கு வரும் நண்பர்களே, பின்னால் அமர்பவர்க்கும் ஒரு தலை உண்டு என்பதை மறவாதீர்கள்.