ஆபரேஷனுக்கு முன்னால் ஏன் இத்தனை சோதனை?

"மார்புல கட்டின்னா வெட்டி எடுக்க வேண்டியதுதானே ஐயா? எதுக்கு நாலு தடவை பஸ் ஏத்துறாங்க?" கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் பேர் போகிறது. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மார்பில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. நீர்க்கட்டியாக இருக்கலாம், சாதாரண சதைக்கட்டியாக இருக்கலாம். எது என்று வெளியில் தடவி மட்டும் சொல்ல முடியாது. அதனால் டாக்டர் முதலில் கையால் பார்ப்பார். பிறகு படம் எடுப்பார்கள். வயது குறைந்த பெண்களுக்கு மெமோகிராம் படத்தில் கட்டி சரியாகத் தெரியாது, அவர்களுக்கு ஸ்கேன். மூன்றாவது ஊசிச் சோதனை. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். கெட்ட கட்டி இல்லை என்று தெரிந்தால் பலருக்குக் கத்தியே தேவைப்படாது.

இந்த ஊசிதான் நம் லயத்தில் பெரிய பயம். "ஊசி குத்தினால் பரவிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு எனக்குத் தெரிந்த ஒரு தாய் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். எட்டு மாதம் கழித்துத் திரும்பப் போனபோது நெல்லிக்காய் அளவு கட்டி முட்டை அளவாகி, தோலும் புண்ணாகியிருந்தது. அவருக்கு ஊசியே போடவில்லை. கட்டியை வளர விட்டது அந்த எட்டு மாதம்.

ஊசியில் எடுக்கும் துணுக்கை வைத்துத்தான் அது எந்த வகைப் புற்று, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கிறார்கள். சிலருக்கு முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, முழு மார்பையும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க முடிகிறது. தெரியாமல் வெட்டினால் இரண்டாம் தடவையும் தியேட்டருக்குப் போக நேரலாம்.

இரத்தம், நெஞ்சுப் படம், ஈசீஜி எல்லாம் மயக்க மருந்தைத் தாங்குவீர்களா என்று பார்க்க. நம் பெண்களில் இரத்தசோகை அதிகம், அதை முதலில் சரிசெய்வார்கள். "அவளுக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தாங்க, எனக்கு எடுக்கலையே" என்று கவலைப்பட வேண்டாம். நோய் ஆரம்பத்தில் இருந்து, வேறு வருத்தம் ஒன்றும் இல்லையென்றால் அது பொதுவாகத் தேவையில்லை.

மஹரகம என்றாலே சிலர் அழத் தொடங்குகிறார்கள். புற்றுநோய்ப் பிரிவு கண்டியிலும் பதுளையிலும் இருக்கிறது.

ரிப்போர்ட், படம், கிளினிக் துண்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, கூரை ஒழுகாத பக்கம் வையுங்கள். ஊசி ரிசல்ட் எந்தத் திகதி வரும் என்று கேட்காமல் ஆஸ்பத்திரியை விட்டு வராதீர்கள். அந்தத் திகதியை என்னிடமும் சொல்லுங்கள், துரையிடம் லீவுக்கு நான் பேசுகிறேன்.