கொலஸ்ரோலும் குடும்பமும்

"மெலிந்த மனிதன். கொழுப்புச் சாப்பாடும் இல்லை. நாற்பது வயதில் மாரடைப்பு எப்படி வந்தது?" மரணவீடுகளில் இக்கேள்வி எழுவதுண்டு. சிலர் விதி என்பர். சிலர் செய்வினை என்பர். விடை சிலவேளைகளில் குடும்பத்தின் குருதியிலேயே இருக்கிறது. அதனை இப்பாடத்தில் நோக்குவோம்.

வண்டிலும் படலையும்

கொலஸ்ரோல் நஞ்சு அன்று. கலங்களின் மென்சவ்வுக்கும், சில ஓமோன்களுக்கும், பித்தத்துக்கும் அது தேவை. நமது உடலே அதனை ஆக்குகிறது. ஆனால் எண்ணெய் நீரில் கரையாதது போல, கொலஸ்ரோல் குருதியில் கரையாது. எனவே புரதம் சேர்ந்த சிறு பொதிகளாகவே அது பயணம் செய்கிறது. இப்பொதிகளே இலிப்போபுரதங்கள். எல்.டி.எல். என்பது கொலஸ்ரோலைக் கலங்களுக்குக் கொண்டு செல்லும் வண்டில், எச்.டி.எல். மிஞ்சியதை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுவரும் வண்டில். 'கெட்டது', 'நல்லது' என்று நாம் சொல்வது இவ்விரு வண்டில்களையே. சரக்கு ஒன்றுதான்.

வண்டில் வளவுக்குள் நுழையப் படலை வேண்டும். ஈரற் கலங்களின் மேற்பரப்பில் எல்.டி.எல்.ஐப் பிடித்து உள்ளெடுக்கும் புரதங்கள் உள்ளன. இவை வாங்கிகள் எனப்படும். இப்படலைகள் குறைந்தால் வண்டில்கள் தெருவிலே தேங்கும். நாடிச் சுவர்களில் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்கும்.

ஒரு சிறுமியின் ஈரல்

1970களில் அமெரிக்காவின் டலஸ் நகரில் மைக்கல் பிரவுண், ஜோசப் கோல்ட்ஸ்ரீன் என்னும் மருத்துவர்கள், இந்நோய் கடுமையாக இருந்தவர்களின் தோற் கலங்களை ஆராய்ந்து இவ்வுண்மையைக் கண்டனர். 1985இல் நோபல் பரிசு பெற்றனர். 1984 பெப்ரவரி 14இல் ஆறு வயதான ஸ்ரோமி ஜோன்ஸ் என்னும் சிறுமிக்குப் பிற்ஸ்பேர்க் நகரில் இதயமும் ஈரலும் ஒருங்கே மாற்றப்பட்டன. 1000 மில்லிகிராமைத் தாண்டியிருந்த அவளது கொலஸ்ரோல் ஏறத்தாழ 300க்கு இறங்கியது. புதிய ஈரலில் படலைகள் இருந்தமையே காரணம். 1990இல், 13 வயதில் அவள் இறந்தாள்.

பரம்பரை வழி

இவ்வாங்கிக்குரிய பரம்பரையலகு 19ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் பெறுகிறோம். ஒன்று பழுதானால் படலைகள் ஏறத்தாழப் பாதியாகும். உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்நிலை உண்டு. அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வருவதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு உள்ளது. இரண்டும் பழுதானால் சிறுவயதிலேயே இதயநோய் வரும். இது மிக அரிது. எனினும் மச்சான், மச்சாள் திருமணத்தில் ஒரே பாட்டன், பாட்டியின் பழுது இருபுறமும் வந்து சேர இடமுண்டு.

வன்னியில் நமது நிலை

"தகப்பனுக்கோ சகோதரருக்கோ இளவயதில் மாரடைப்பு வந்ததா?" என்று மருத்துவர் கேட்பார். நம்மிற் பலரிடம் பதில் இல்லை. 2009இல் முடிந்த யுத்தத்தில், நோய் தன்னைக் காட்டும் வயதுக்கு முன்பே பல தகப்பன்மாரும் மாமன்மாரும் போய்விட்டனர். எனவே 'எங்கள் குடும்பத்தில் இல்லை' என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பெரியப்பா, சித்தி, மச்சானிடம் தொலைபேசியிற் கேளுங்கள்: கொலஸ்ரோலுக்குக் குளிசை எடுக்கிறார்களா? எந்த வயதில் தொடங்கினார்கள்?

அடுத்தது குருதிப் பரிசோதனை. வளர்ந்தவரின் மொத்தக் கொலஸ்ரோல் 290 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், பரம்பரைக் காரணம் உண்டா என மருத்துவரிடம் கேளுங்கள். குதிக்காலின் பின்னுள்ள தசைநார் தடித்திருப்பதும், முழங்கையில் மஞ்சட் கட்டிகள் தோன்றுவதும் அடையாளங்கள். ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் யாவரும் பரிசோதிக்கப்பட வேண்டும்.

ஸ்ரற்றின் வகைக் குளிசைகள் ஈரலின் கொலஸ்ரோல் ஆக்கத்தைக் குறைக்கும். அப்போது ஈரல் மேலும் படலைகளைத் திறக்கும். 'இப்போது சுகம்' என்று நாமாகவே நிறுத்தக்கூடாது. கருத்தரிக்க எண்ணும் பெண்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தேங்காயில் கொலஸ்ரோல் இல்லை. ஆனால் அதிலுள்ள நிரம்பிய கொழுப்பு படலைகளின் வேலையைக் குறைக்கும். ஆகவே அளவோடு உண்போம், புகைத்தலை விடுவோம்.

குழுவிற் கலந்துரையாட

1. நமது கிராமத்தில் 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்த குடும்பங்களில், மற்றவர்கள் பரிசோதிக்கப்பட்டார்களா?
2. யுத்தத்தில் உறவுகளை இழந்த குடும்பத்துக்கு அதன் நோய் வரலாற்றைத் திரட்ட யார் உதவலாம்?