பூட்டிய பள்ளிக்கூடம் பாதுகாப்பானதா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பாலக்காடு மாவட்டத்தில் நிபா என்ற பெயர் காதில் விழுந்தாலே பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி, "ஸ்கூல் லீவா?" என்பதுதான். 2025 ஜூலையில் மண்ணார்க்காடு பக்கம் நோய் வந்தபோதும் அதே பேச்சு. 2023 செப்டம்பரில் கோழிக்கோடு மாவட்டத்தில் பத்து நாள் அளவுக்குப் பள்ளிகளைப் பூட்டி, வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றினார்கள். பூட்டுவதற்கு ஓர் உத்தரவு போதும், ஒரே நாளில் முடிந்துவிடும். திறப்பதற்கு மாதக்கணக்கில் வேலை இருக்கிறது. கோவிட் காலத்தில் 19 மாதத்துக்கும் மேலாக அடைந்து கிடந்த பள்ளிகளைக் கேரளம் 2021 நவம்பர் 1, கேரளப் பிறவி நாளில் திறந்தது. அதைப் பற்றித் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொல்லங்கோடு, முதலமடை, கோவிந்தாபுரம் பக்கமும், இடுக்கியின் தமிழ்த் தோட்டப் பகுதிகளிலும் நிலைத்துவிட்ட நினைப்புகள் சில உண்மைக்குப் பொருந்தாதவை. அடுத்த நோய் வருவதற்குள் அவற்றைத் திருத்திக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: தமிழ்நாட்டில் செப்டம்பரிலேயே திறந்துவிட்டார்கள். கேரளம் தேவையில்லாமல் இழுத்தடித்தது.

எல்லை ஊரில் இப்படித் தோன்றுவது இயல்பு. வீட்டு டிவியில் ஓடுவது சென்னைச் செய்தி, பிள்ளை படிப்பது திருவனந்தபுரத்து உத்தரவுப்படி. தமிழ்நாட்டில் 9 முதல் 12 வரை வகுப்புகள் தொடங்கிய நாள் 2021 செப்டம்பர் 1. அன்றைக்குத் தமிழ்நாட்டின் புதிய தொற்று ஆயிரத்து ஐந்நூறு சொச்சம். அதே நாளில் கேரளத்தில் 32,000-க்கும் மேல். பாலக்காட்டுக் கணவாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நோய்தான், ஆனால் அலையின் வெவ்வேறு கட்டத்தில் இருந்தன.

காரணம் அந்த ஆண்டு ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ரத்தப் பரிசோதனை ஆய்விலேயே தெரிந்தது. தமிழ்நாட்டில் 69.2 சதவீதம் பேருக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருந்தது. கேரளத்தில் 44.4 சதவீதம்தான், ஆய்வு நடந்த மாநிலங்களிலேயே குறைவு. நோய் மெதுவாகப் பரவும்படி பார்த்துக்கொண்ட மாநிலத்தில், இன்னும் நோய் வராதவர்கள் அதிகமாக மிச்சமிருந்தார்கள். அதனால் இரண்டாம் அலையின் வாலும் நீண்டது. அக்டோபரில் கேரள அரசு வெளியிட்ட ஆய்வின்படி 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 82.6 சதவீதம் பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. 5 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளில் 40.2 சதவீதம். பிள்ளைகளில் பாதிக்கு மேல் இன்னும் நோயைச் சந்திக்காதவர்கள், ஆனால் அவர்களைச் சுற்றியுள்ள பெரியவர்கள் பெரும்பாலும் தடுப்பூசி போட்டவர்கள். இந்த நிலை வந்த பிறகுதான் கதவு திறந்தது. நடந்ததைப் பார்த்தால், சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு மாநிலமும் ஒரே நாளில்தான் திறந்தன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையான வகுப்புகள் தொடங்கியதும் அதே நவம்பர் 1.

தேதியை ஒப்பிட்டுச் சண்டை போட்டதில், எல்லைக்கே உரிய சிக்கல் கவனத்துக்கு வராமல் போயிற்று. 2021 ஆகஸ்ட் 5 முதல், கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் போகிறவர் பரிசோதனைச் சான்றோ இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றோ காட்ட வேண்டியிருந்தது. பரம்பிக்குளம் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கே போகும் ரோடு சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து திரும்பிப் போகிறது. எல்லை இறுகிய 2020-இல் அங்குள்ள தேக்கடி ஊர்க்காரர்கள் செம்மணாம்பதியிலிருந்து காட்டுக்குள் தாங்களே பாதை வெட்டத் தொடங்கினார்கள். சொந்தப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகவே இந்தப் பாடு என்றால், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்து திரும்புவது எப்படி? இரண்டு மாநிலக் கல்வித் துறைகளும் உட்கார்ந்து பேசி வைக்க வேண்டிய காரியம் இது. தேதி எதுவானாலும் இந்தக் கேள்வி அப்படியேதான் நிற்கும்.

நம்பிக்கை: பெரிய வகுப்புகளை முதலில் திறக்கலாம். தடுப்பூசி வராத சின்னப் பிள்ளைகள் கடைசியில்தான் வர வேண்டும்.

தர்க்கமாகக் கேட்டால் சரியாகத்தான் தோன்றும். அறிவியல் எதிர்ப்பக்கம் நின்றது. 2021 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அன்றைய தலைவர் பல்ராம் பார்கவா, முதலில் தொடக்கப் பள்ளிகளைத்தான் திறக்க வேண்டும், ஆசிரியரும் ஊழியரும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்றார். டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்றே சின்ன வகுப்புகளிலிருந்து தொடங்கியது. சின்னப் பிள்ளைகளுக்கு நோய் வந்தாலும் பெரும்பாலும் கடுமையாகாது என்பது அப்போதே தெரிந்திருந்தது. டிவியிலும் போனிலும் பாடம் கேட்டுத் தானே படித்துக்கொள்ள முடியாததும் அவர்களுக்குத்தான். கேரளமும் 1 முதல் 7 வரையான வகுப்புகளையும், பரீட்சை எழுதும் 10, 12-ஆம் வகுப்புகளையும் முதலில் வரவழைத்தது. 8, 9, 11 பிறகுதான் வந்தன.

பெரிய பிள்ளைகள் என்றால் ஆபத்தில்லை என்பதற்கு மலப்புறம் மாவட்டம் பதில் சொன்னது. நீண்ட அடைப்புக்கு நடுவே 2021 ஜனவரி 1 முதல் 10, 12-ஆம் வகுப்புகளை மட்டும் வரவழைத்திருந்தார்கள். பிப்ரவரியில் அங்கே இரண்டு பள்ளிகளில் மாணவரும் ஆசிரியருமாக 260-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது.

தடுப்பூசி விஷயமும் இதோடு சேர்ந்தது. 15 முதல் 18 வயதுக்குத் தடுப்பூசி தொடங்கியது 2022 ஜனவரி 3 அன்று. 12 முதல் 14 வயதுக்கு மார்ச் 16. அதாவது நவம்பர் 1 அன்று பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் ஊசி போட்டவர் கிட்டத்தட்ட யாருமில்லை. அவர்களைக் காத்தது சுற்றியிருந்த பெரியவர்களின் ஊசி: டீச்சர், சமையல்காரம்மா, வண்டி டிரைவர், வீட்டுப் பாட்டி. அதனால்தான் ஊசி போடாத ஆசிரியர்கள் பள்ளிக்கு வரக்கூடாது, வீட்டிலிருந்து ஆன்லைனில் நடத்தட்டும் என்று முடிவானது. 2021 டிசம்பர் தொடக்கத்தில் அன்றைய கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி வெளியிட்ட கணக்கில், ஊசி போடாத ஆசிரியரும் ஊழியரும் மாநிலம் முழுக்க 1,707 பேர். பிள்ளைக்கு ஊசி இல்லையே என்று பயப்படுகிற வீட்டில், பாட்டி ஊசி போட்டாரா என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

நம்பிக்கை: சானிடைசரும், நெற்றிக்கு நேரே காட்டும் வெப்பமானியும் இருந்தால் பள்ளி தயார்.

2020 ஏப்ரல் முதல் வாரத்தில் திருப்பூர் சந்தையில் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப்பாதை வைத்ததும், நாடு முழுக்க அதைப் பார்த்து வைத்தார்கள். அதே மாதத்திலேயே மத்திய சுகாதார அமைச்சகம், மனிதர் மேல் மருந்து தெளிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. வெப்பமானியும் அறிகுறி இல்லாதவரைக் கண்டுபிடிக்காது. கோவிட் முக்கியமாகக் காற்றில் பரவியது. கை கழுவுவது பல நோய்க்கு நல்லது, அதை விட வேண்டாம். ஆனால் இந்த நோய்க்குப் பார்க்க வேண்டியது ஜன்னல்.

நம் பக்கத்து வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். ஐப்பசியில் சாரல் அடிக்கும் என்று ஜன்னலைச் சாத்துவார்கள். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியை வாரிக்கொண்டு வரும், கிழக்கு ஜன்னலைச் சாத்துவார்கள். 19 மாதம் திறக்காத கொக்கி துருவேறி இருக்கும், பலகை மழையில் ஊதி இறுகியிருக்கும். ஒரு தச்சரைக் கூப்பிட்டு எல்லா ஜன்னலும் திறக்கும்படி செய்வது ஒரு பெட்டி சானிடைசரைவிட மேலான செலவு. காற்று நுழைய ஒரு பக்கம், வெளியேற எதிர்ப்பக்கம் என்று இரண்டும் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் தூசி என்றால் வகுப்பை வராந்தாவுக்கோ மரத்தடிக்கோ மாற்றலாம். நம் ஊரில் மரத்துக்குப் பஞ்சமில்லை.

2021 அக்டோபர் 8 அன்று கேரளக் கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து வெளியிட்ட 'திரிகெ ஸ்கூளிலேக்கு' (மீண்டும் பள்ளிக்கு) வழிகாட்டி இந்த மாதிரி வேலைகளால் நிறைந்தது. பெஞ்சுக்கு ஒருவர் அல்லது இருவர், பாதிப் பிள்ளைகள் முதல் மூன்று நாள், மீதிப் பேர் அடுத்த மூன்று நாள், முதல் இரண்டு வாரம் மதியம் வரைதான் வகுப்பு. பெற்றோரின் சம்மதம் வேண்டும், வராத பிள்ளைக்கு ஆன்லைன் உண்டு, சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. ஒரே குழுப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். பேப்பரில் இது எளிது. நாற்பது பிள்ளைகள், பத்து பெஞ்சு என்றால் இருபது இருபதாகப் பிரித்துவிடலாம். ஆனால் மாந்தோப்பிலிருந்து வரும் ஜீப்பில் பன்னிரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்து வந்தால், அதில் மூன்று வகுப்புப் பிள்ளைகளும் கலந்திருந்தால், வகுப்பறையில் போட்ட கணக்கு ரோட்டிலேயே உடைந்துவிடும். குழு பிரிக்கும் கணக்கை வகுப்புவாரியாகத் தொடங்காமல் வண்டிவாரியாகத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அக்கா நான்காம் வகுப்பு, தம்பி ஒன்றாம் வகுப்பு என்றால் இருவரையும் ஒரே மூன்று நாளில் வரவைத்தால்தான் தோப்பு வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் தோது.

கட்டடம் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 நவம்பரில் வயநாட்டின் சுல்தான் பத்தேரியில் வகுப்பறைப் பொந்திலிருந்த பாம்பு கடித்து 10 வயதுச் சிறுமி இறந்தாள். நோய் வராமலே பள்ளிக்கூடம் உயிரை எடுக்கும் என்பதற்கு அது சாட்சி. நம் பக்கத்துத் தென்மலை அடிவாரத்தில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆள் நடமாட்டமில்லாத கட்டடத்தில் பொந்தை அடைப்பதும், புதரை வெட்டுவதும், தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதும் தொற்றுத் தடுப்புக்குச் சமமான வேலை.

நம்பிக்கை: டிவியில் பாடம் நடந்ததால் பிள்ளைகள் எதையும் இழக்கவில்லை.

2020 ஜூன் 1 அன்றே கைட் விக்டர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' பாட ஒளிபரப்பு தொடங்கிவிட்டது. அவ்வளவு சீக்கிரம் அதைச் செய்தது பெரிய சாதனைதான். ஆனால் மாநிலத்தில் 2.6 லட்சம் பிள்ளைகள் வீட்டில் டிவியோ இணையமோ இல்லாதவர்கள் என்று அரசின் கணக்கே அப்போது சொன்னது. தமிழ், கன்னட வழிப் பிள்ளைகளுக்குத் தனியே பாடங்கள் தயாராகி யூடியூபில் வந்தன. டிவியில் பார்ப்பது ஒன்று, யூடியூபில் பார்ப்பது வேறொன்று. போன் வேண்டும், டேட்டா வேண்டும், வேலைக்குப் போகும் அப்பா போனை வீட்டில் விட்டுப் போக வேண்டும். மூணாறு பக்கம் ராஜமலை எஸ்டேட் பிள்ளைகள் சிக்னல் தேடி இரவிக்குளம் தேசியப் பூங்கா வரை போய்ப் படித்த செய்தி 2021-இல் வந்தது.

அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் ஐந்து மாநிலங்களில் 16,067 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், 92 சதவீதம் பேர் முந்தைய ஆண்டு தெரிந்திருந்த மொழித்திறன் ஒன்றையாவது இழந்திருந்தார்கள். கணக்கில் அது 82 சதவீதம். அவை வேறு மாநிலங்கள், கேரளம் அதில் இல்லை. ஆனால் வாசிக்கப் பழகும் வயதில் இரண்டு ஆண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு மொழி எல்லை கிடையாது. தெருவில் மலையாளமும் வீட்டில் தமிழும் கேட்டு வளரும் கொல்லங்கோட்டுப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரிய ஒரே இடம் பள்ளிக்கூடம்தான். அதைப் பூட்டிவைத்தது பாதுகாப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சில வாரங்களுக்கு அது தேவைப்படலாம், அவ்வளவுதான். உலகிலேயே மிக நீளமாகப் பள்ளிகளை முழுதாகவோ பாதியாகவோ மூடிவைத்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. யுனெஸ்கோ கணக்குப்படி 82 வாரம்.

நம்பிக்கை: திறந்த பள்ளியை மறுபடி மூடினால் திட்டம் தோற்றுவிட்டது.

ஓமிக்ரான் வந்தபோது, 2022 ஜனவரி 21 முதல் 1 முதல் 9 வரையான வகுப்புகள் மறுபடி ஆன்லைனுக்குப் போயின. "அப்பவே சொன்னேன்" என்ற பேச்சு வந்தது. ஆனால் இம்முறை பிள்ளைகள் வீட்டில் இருந்தது 19 மாதமல்ல, நான்கு வாரத்துக்கும் குறைவு. பிப்ரவரி 14 அன்று பாதிப் பாதியாகத் திரும்பினார்கள், பிப்ரவரி 21 அன்று எல்லா வகுப்பும் முழு நேரம் நடந்தது. குழுப் பட்டியல், வண்டி ஏற்பாடு, சம்மதக் கடிதம் எல்லாம் நவம்பரிலேயே தயாராகி இருந்ததால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை.

நிபாவுக்கு இதே திட்டத்தை அப்படியே எடுத்துப் போடவும் முடியாது. அது கோவிட் மாதிரி ஊர் முழுக்கக் காற்றில் பரவுவதில்லை, நோயாளியின் அருகில் இருந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். தொடர்பில் இருந்தவர்களைக் கண்டுபிடித்துத் தனியாக வைத்தால், ஒரு சில வார்டுகளை மட்டும் மூடினாலும் போதும் என்ற நிலை வரலாம். மண்ணார்க்காட்டில் நோய் வந்ததற்காகக் கொல்லங்கோட்டில் பூட்ட வேண்டுமா என்பதை ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) ஆபீசும் சுகாதார மையமும் பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ.வும் சேர்ந்து முன்கூட்டியே பேசி வைக்கலாம்: எத்தனை பேருக்கு நோய் வந்தால் ஒரு வகுப்பு மூடும், எப்போது ஒரு பள்ளி மூடும், எந்த நாளில் மறுபடி கூடி முடிவெடுப்பது, தமிழ் வழிப் பெற்றோருக்கு அந்த அறிவிப்பைத் தமிழில் எழுதுவது யார் பொறுப்பு. அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தில் இந்த நான்கையும் கேட்டு மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்.