மடங்காத சிறு கத்தி

ராமா,

சாரணர் முகாமுக்கு எந்தக் கத்தி உசிதம் என்று கேட்டு, முதுகில் ரம்பப் பல் வைத்த முழ நீளக் கத்தி ஒன்றின் படத்தையும் அனுப்பியிருந்தாய். சினிமாவில் அது கம்பீரமாகத்தான் இருக்கும். சுள்ளி சீவவும் கயிறு அறுக்கவும் எடுத்தால், அதன் கனமே உன் மணிக்கட்டை ஓய்த்துவிடும்.

உனக்கு உசிதம் மடங்காத சிறு மூரா கத்திதான். ஸ்வீடன் தேசத்து டாலர்னா மாகாணத்தில், மூரா என்ற ஊரையொட்டிய ஓஸ்ட்னோர் கிராமத்தில், அமெரிக்கா சென்று திரும்பிய ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் என்பவர் 1891-ல் மரம் இழுக்கும் சறுக்கு வண்டிகளுக்காக ஒரு பட்டறை வைத்து, தம் வேலைக்கு வேண்டிய கத்திகளையும் அங்கேயே அடித்துக்கொள்ள, காலக்கிரமத்தில் வண்டிகள் போய்க் கத்திகளே பிரதானமாயின. ஏறக்குறைய நான்கு அங்குல அலகு, உருண்ட மரப்பிடி, ஓர் உறை. இவ்வளவே அந்தக் கத்தியின் சம்பத்து. மடக்குக் கத்தி சட்டைப் பைக்குச் சௌகரியந்தான். ஆனால் அதன் கீலில் மண்ணும் ஈரமும் புகும், பூட்டு நழுவினால் விரலுக்கு ஆபத்து. மடங்காத கத்திக்கோ அலகின் காம்பு பிடிக்குள் இறங்கியிருப்பதால் அந்தக் கவலையே கிடையாது.

இந்தக் கத்தியில் நான் மெச்சுவது, தீட்டுவதில் உள்ள சுலபம். அலகின் இருபுறமும் அகலமான ஒரே சரிவு இருப்பதால், அந்தச் சரிவு முழுதும் சாணைக்கல்லில் படியும்படி வைத்தாலே கோணம் தானாக அமைந்துவிடும். அடியிலிருந்து நுனிவரை நிதானமாகத் தேய்த்து, மறுபுறத்து விளிம்பில் மெல்லிய பிசிறு எழும்பியதை, விரலைக் கூரின் நெடுகே ஓட்டாமல் குறுக்காகத் தடவி அறிந்த பிறகே, கத்தியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். கார்பன் எஃகு மாங்காய்ப் புளிப்புப் பட்டால் நீலம் பாய்ந்து கறுக்கும். அதற்கு அஞ்சாதே, செந்துருவுக்கு மட்டும் அஞ்சித் துடைத்து வை. ஈரத்தில் போட்டுவிட்டு மறக்கும் சுபாவம் உனக்கு உண்டு. ஆகையால் துருப்பிடிக்காத எஃகையே வாங்கு. விரல் வழுக்கிக் கூரில் ஏறாதபடி பிடியின் முன்னால் தடுப்புள்ளதாக இருக்கட்டும்.

ஸ்வீடனிலேயே தக்க காரணமின்றிப் பொதுவிடத்தில் கத்தியோடு திரிவது குற்றம். ஆகவே நீயும் கவனமாயிரு. முகாமில் கத்தி உறையோடு இடுப்பில் இருக்கட்டும். பஸ்ஸில் வரும்போது பெட்டிக்குள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா